இருதயமும் இரத்தக் கொதிப்பும்: நம் கணக்கை நாம் அறிதல்

வட சென்னையில், தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் டோல்கேட் என்றோர் இடம் உண்டு. சுங்கச் சாவடி என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். இன்று அங்கே வண்டிகளை மறித்துச் சுங்கம் கேட்பார் எவரும் இலர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்குள்ள பேருந்து நிலையத்துக்கும் அதுவே பெயர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற மெட்ரோ இரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். கிழக்கே கடல், தெற்கே காசிமேட்டு மீன்பிடி துறைமுகம், வடக்கே ஆலைகளின் புகைபோக்கிகள். நான் பிறந்து வளர்ந்த இடம் அது.

என் தந்தையார் துறைமுகப் பக்கத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். காலை முதல் மாலை வரை நாற்காலியில் அமர்ந்து எழுதுவதே அவர் தொழில். ஒரு நாள் இரவு உண்டு உறங்கியவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வந்திருந்த பெரியவர்கள், “நோய் நொடி என்று ஒரு நாள் படுத்ததில்லை, கொடுத்து வைத்த மனிதர்” என்று கூறி எங்களைத் தேற்றினார்கள். நாங்களும் அதையே நம்பினோம். அவருக்கு நோய் இல்லை என்பதற்கு எங்களிடம் இருந்த சான்று யாது? அவர் ஒரு நாளும் நோயென்று சொன்னதில்லை என்பது ஒன்றுதான். அவருடைய இரத்த அழுத்தத்தை யாரும் எக்காலத்திலும் அளந்து பார்த்ததில்லை.

பின்னர் நான் படித்து, உடலியல் கற்பிக்கும் ஆசிரியன் ஆனேன். என் நாற்பத்தோராவது வயதில், வகுப்பில் இரத்த அழுத்தம் அளக்கும் முறையைச் செய்து காட்டுவதற்காக என் கையையே நீட்டினேன். அளந்த மாணவி முகம் சுருங்கி, “ஐயா, கருவி பழுதாகிவிட்டது போலிருக்கிறது” என்றாள். “இல்லை அம்மா, நீ காதுகுழலைச் சரியாக வைக்கவில்லை; மறுபடியும் அள” என்றேன். மறுபடியும் அளந்தாள். வேறொரு மாணவன் வேறொரு கருவியால் அளந்தான். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே எண்தான் வந்தது: 168-க்கு 104. கருவியும் பழுதாகவில்லை, மாணவியும் பிழை செய்யவில்லை. பாடம் நடத்திய நான்தான் என் உடலைப் பற்றிய பாடத்தைப் படிக்காமல் இருந்திருக்கிறேன். அன்று நான் கற்றவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் இருதயம் செய்யும் வேலையைச் சற்று நோக்குவோம். அவரவர் கைப்பிடி அளவே உள்ள தசைப்பை அது. நிமிடத்துக்குச் சுமார் 70 முறை சுருங்கி விரிகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் இலட்சம் முறை ஆகும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியே தள்ளுகிறது. 24 மணி நேரத்துக்கு இதைப் பெருக்கினால் 7,200 லிட்டர். கோடையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் கொண்டுவரும் லாரியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அத்தகைய லாரி ஒன்றை நாள்தோறும் நிரப்பி நிரப்பிக் காலி செய்யும் வேலையை இந்தச் சிறு பை ஓய்வின்றிச் செய்துவருகிறது. அவ்வளவு இரத்தத்தைக் கையாளும் இருதயம் தன் உணவுக்கு அந்த வெள்ளத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்வதில்லை. தன் மேற்பரப்பில் ஓடும் இரண்டு மெல்லிய தமனிகளின் வழியாகவே அது இரத்தம் பெறுகிறது. அந்தத் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, வழி குறுகி, ஒரு நாள் அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதித் தசை மடிகிறது. இதையே மாரடைப்பு என்கிறோம்.

இனி, இரத்த அழுத்தம் என்பது யாது? குழாயில் ஓடும் நீர் குழாயின் சுவரை அழுத்துவதுபோல் இரத்தமும் தமனியின் சுவரை அழுத்துகிறது. இங்கிலாந்து நாட்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்திப் பார்த்தார். இரத்தம் எட்டடிக்கும் மேலாக ஏறி நின்றது. 1733-இல் அவர் இதனை வெளியிட்டார். மனிதனை அவ்வாறு சோதிக்க இயலாதன்றோ? 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905-இல் கொரோட்காவ் என்ற ரஷ்ய மருத்துவர், அந்தப் பட்டையைத் தளர்த்தும்போது காதுகுழலில் எழும் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களைக் கண்டறியும் முறையைக் காட்டினார். இருதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம் மேல் எண். விரியும்போதுள்ளது கீழ் எண். பாதரசத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் கூறுவது வழக்கம். 120-க்கு 80 என்பது நல்ல நிலை. 140-க்கு 90 என்ற அளவையோ, அதற்கு மேற்பட்ட அளவையோ பல முறை அளந்தும் காண்போமாயின், அதுவே மிகை இரத்த அழுத்தம். மக்கள் வழக்கில் இரத்தக் கொதிப்பு என்பர். கொதிப்பு என்ற சொல் சற்றே நம்மை ஏமாற்றுகிறது. கொதித்தால் சுடும், நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலோர்க்கு ஒரு குறியும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

குறி தோன்றாத நோயைப் பெரியவர்களும் பொருட்படுத்தாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட்டை 1944-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருதய மருத்துவர் ஒருவர் சோதித்தபோது அவருடைய அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் தலையில் கடும் வலியென்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300-க்கு 190. மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, அன்றே மறைந்தார், வயது 63. உலகப் போரை நடத்திய ஒரு வல்லரசின் தலைவருக்கே அக்காலத்தில் உருப்படியான மருந்து இல்லை. இது ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது என்ற அறிவும் இல்லை.

அந்த அறிவைத் தேடும் பெருமுயற்சி 1948-இல் தொடங்கிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்ற சிற்றூரில் 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, ஈராண்டுக்கு ஒருமுறை அவர்களைச் சோதித்து, யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பதிவு செய்துகொண்டே வந்தனர். நோய் வந்த பின் காரணம் தேடுவது பழைய முறை. நலமாயிருப்பவர்களை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பது இந்த முறை. 1961-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ‘அபாயக் காரணிகள்’ என்ற தொடரைக் கையாண்டனர். இன்று மருத்துவ உலகெங்கும் வழங்கும் தொடர் அது.

இந்தத் தொடரை நாம் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். காரணி உள்ளவனுக்கெல்லாம் நோய் வந்தே தீரும் என்பது பொருளன்று; காரணி இல்லாதவனுக்கு வரவே வராது என்பதும் அன்று. புகைபிடித்தும் தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டனாரை எடுத்துக்காட்டாகச் சொல்லாத தெரு உண்டா? மழைக்காலத்தில் குடையின்றிப் போனவர் சில நாள் நனையாமலும் திரும்பக்கூடும். அதனால் குடை வேண்டா என்று முடிவு கட்டுவோமா? ஒருவரைக் கொண்டு பேசாமல் நூறு பேரைக் கொண்டு பேசுவதே இந்த அறிவியலின் முறை. ‘பத்தாண்டுகளில் அபாயம் நூற்றுக்கு இருபது’ என்று மருத்துவர் சொன்னால், உங்களைப் போன்ற வயதும் பழக்கமும் அளவுகளும் உடைய நூறு பேரில், பத்தாண்டுகளுக்குள் இருபது பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்பது பொருள். அந்த இருபதில் நீங்கள் ஒருவரா, எண்பதில் ஒருவரா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் இருபதைப் பத்தாகக் குறைக்கும் வழி தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திருத்தி வெளியிட்ட வண்ண அட்டவணைகள் இந்தக் கணக்கை எளிதாக்குகின்றன. வயது, ஆணா பெண்ணா என்பது, புகைப்பழக்கம், மேல் எண் அழுத்தம், நீரிழிவு, கொலஸ்டிரால் என்னும் விவரங்களைக் கொண்டு, நாற்பது வயதைக் கடந்த ஒருவரின் அபாயத்தை அவற்றில் காணலாம்.

காரணிகள் இருவகைப்படும். மாற்ற இயலாதவை சில. மாற்றத் தக்கவை பல. முதல் வகையில் வயது ஒன்று. ஆணாய்ப் பிறத்தல் ஒன்று (பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடுகிறது). குடும்ப வரலாறு ஒன்று. தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்னும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன்னும் இருதய நோயுற்றிருந்தால், அதை முக்கியமான செய்தியாக மருத்துவர் கொள்வார். என் தந்தையார் 52-இல் மறைந்தது எனக்கு ஒரு துயரமாக மட்டுமே இருந்தது. என் உடலைப் பற்றிய ஒரு தகவலாகவும் அது இருந்ததென்பதை நான் பல ஆண்டுகள் உணரவில்லை.

நம் நாட்டில் பிறத்தலும் ஓரளவு இக்கணக்கில் சேர்கிறது. 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அதனை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் என்ற மருத்துவர். முதல் மாரடைப்பு பெரும்பாலும் ஒன்பது காரணிகளால் விளக்கத் தக்கது என்று அது காட்டிற்று. அவற்றுள் பலவற்றை ஒவ்வொன்றாக இங்கே காண்போம். அதன் விவரங்களை மேலும் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரி வயதுக் கணக்கில் 53-இல் வருகிறது என்றும், பிற நாட்டாருக்கு ஏறத்தாழ 59-இல் என்றும் தெரிந்தது. ஆறு ஆண்டுகள் முந்துகிறது. சென்னையிலேயே திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரு பகுதிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருதயத் தமனி நோய் இருப்பதாக அது கண்டது.

இதற்கு நம் உணவில் உள்ள நெய்யும் எண்ணெயும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடலாமா? இங்கே ஒரு பழைய ஆராய்ச்சியை நினைவுகூர்வது நன்று. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் எங்கள் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த இரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவேடுகளை மல்ஹோத்ரா என்ற மருத்துவர் நாடு முழுவதும் ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார். பஞ்சாபிய ஊழியர் பாலும் நெய்யும் மிகுதியாக உண்பவர். தென்னாட்டவர் கொழுப்பை மிகக் குறைவாக உண்பவர். ஆயினும் இருதயநோய் தெற்கில்தான் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்து காணப்பட்டது. பதிவேடுகளை மட்டும் கொண்டு செய்த ஆய்வாதலின் இதையே முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. எனினும், ஒரு பொருளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்துவிடக் கூடாது என்பதை இது நன்கு உணர்த்துகிறது. அபாயக் காரணிகள் கூட்டாளிகளைப்போல் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்பவை.

இனி மாற்றத் தக்கவற்றுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது இரத்த அழுத்தமேயாகும். உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளில் இடம்பெற்ற பத்து இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டார்கள். 40 முதல் 69 வயது வரையுள்ளோர்க்கு, மேல் எண் 115-இலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி உயரும்போதும் இருதய நோயாலும் பக்கவாதத்தாலும் சாகும் அபாயம் இரு மடங்காகிறது என்பது அதன் முடிவு. மாணவர்கள் இதைப் பெருக்கிப் பார்க்கலாம். 135-இல் இரண்டு மடங்கு; 155-இல் நான்கு மடங்கு. என் எண் 168 அன்றோ? அன்று இரவு நானும் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தேன்.

அழுத்தத்தை உயர்த்துவதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் பகுதிக்கும் உப்புக்கும் நெடுநாள் உறவு. எண்ணூர்க் கழியை ஒட்டி உப்பளங்கள் இருந்தன. சென்னை சென்ட்ரலுக்கு அருகிலுள்ள சால்ட் கோட்டர்ஸ் என்ற இடத்தின் பெயரே உப்புக் கிடங்கை நினைவூட்டுவது. கடற்கரை ஊராதலின் கருவாடும் உப்புக்கண்டமும் எங்கள் வீடுகளில் அன்றாடப் பொருள்கள். அதிக உப்பை உண்டால் உடல் அதைக் கரைத்து வைக்க நீரைத் தேக்கிக்கொள்கிறது. குழாய்க்குள் நீர் மிகுந்தால் அழுத்தம் உயர்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். வயதானால் இரத்த அழுத்தம் ஏறுவது இயற்கைதானே என்று பலர் கேட்பர். 1988-இல் 32 நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்த ஆய்வு ஒன்றில், பிரேசில் நாட்டுக் காட்டில் வாழும் யானோமாமி மக்களும் இடம்பெற்றனர். உப்பைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமே அவர்களிடம் இல்லை. அவர்களுடைய அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது. வயதோடு ஏறவும் இல்லை. ஆதலின் நாம் இயற்கை என்று நினைப்பதில் ஒரு பகுதி நம் சமையலறையிலிருந்து வருவதே ஆகும். சாப்பாட்டு இலையில் உப்பு வைப்பதை நிறுத்துவதும், ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத்தில் வரும் வறுவல் ஆகியவற்றைக் குறைப்பதும் பெரிய தியாகமன்று. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். என் நாக்கு பழகிற்று.

அடுத்தது புகையிலை. புகைபிடிப்போர்க்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என இன்டர்ஹார்ட் ஆய்வு கண்டது. சிகரெட்டைவிடப் பீடி மெலிது, அதனால் தீங்கு குறைவு என்று எண்ணுவதற்கு இடமில்லை. நன்மையான செய்தியும் உண்டு. விட்டவர்க்கு ஓராண்டுக்குள் அந்தக் கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வேறெந்த மருந்தாலும் அவ்வளவு விரைவில் அவ்வளவு பயன் பெறுதல் அரிது.

மூன்றாவது, உடல் உழைப்பின்மை. டோல்கேட்டில் நின்று பேருந்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆராய்ச்சி நினைவுக்கு வரும். இலண்டன் மாநகரில் மாரிஸ் என்ற மருத்துவர், பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே சாலை, ஒரே புகை, ஏறத்தாழ ஒரே வாழ்க்கை நிலை. ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் மாடிப் பேருந்தின் படிகளை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு இருதயநோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் உடனே சாவில் முடிவது குறைந்திருந்தது. மாரிஸ் இதோடு மனநிறைவு கொள்ளவில்லை. ஒருவேளை தொடக்கத்திலேயே பருத்தவர்கள்தாம் ஓட்டுநர் வேலையைத் தேடி வருகிறார்களோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. சீருடை தைத்துத் தரும் பகுதியின் பதிவேட்டைத் தேடிப் பிடித்து, கால்சட்டைகளின் இடுப்பளவுகளை ஒப்பிட்டார். இளம் ஓட்டுநர்களின் இடுப்பும் சற்றே பெரிதாகத்தான் இருந்தது. தம் முடிவுக்கு எதிராக வரக்கூடிய சான்றையும் தாமே தேடி வெளியிட்டாரே, அந்த நேர்மை மாணவர் அனைவரும் போற்றத் தக்கது. பின்வந்த பல ஆய்வுகள் இரண்டையும் உறுதிப்படுத்தின. உழைப்பு காக்கிறது, பெருத்த இடுப்பு தனியாகவும் தீங்கு செய்கிறது. வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடப்பது வயது வந்தோர்க்குக் குறைந்த அளவு.

இடுப்பைப் பற்றி ஒரு சொல். நம்மவர்க்கு உடல் மெலிந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருத்தல் உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு தருவது. நீரிழிவுக்கும் அதுவே வாயில். ஆதலின் எடை பார்க்கும் பொறியைவிடத் தையற்காரர் நாடா நமக்கு அதிகம் சொல்லும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இடுப்பளவு இருத்தல் வேண்டும். இவற்றோடு நீரிழிவு, இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் மிகுதல், பழமும் காய்கறியும் குறைந்த உணவு, ஓயாத மனக்கவலை, மிகுந்த குடி, போதிய உறக்கமின்மை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தனிமனிதன் கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டால் அது நீதியாகாது. காற்றில் கலந்த நுண்துகள்கள் மூச்சோடு உட்சென்று இருதயத்துக்கும் தீங்கு செய்கின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது. துறைமுகச் சாலையில் புகை கக்கி நிற்கும் லாரிகளுக்கு நடுவே வாழ்பவர், தம் வீட்டு உப்பைக் குறைக்கலாம்; தெருவின் காற்றைத் தனியே வடிகட்ட முடியாது. இரவு முறை வேலை செய்பவர் உறங்கும் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளவும் முடியாது. அவற்றைச் சீர்செய்வது சமுதாயத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. தன்னால் இயன்றதைச் செய்துகொள்பவனே பிறரைக் கேட்கும் வலிமையும் பெறுகிறான்.

மாணவ நண்பர்களே, “இவையெல்லாம் எங்கள் தந்தையருக்குச் சொல்ல வேண்டியவை; எங்களுக்கு இருபது வயதுதானே” என்று நீங்கள் எண்ணக்கூடும். கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் படைவீரர் 300 பேரின் இருதயங்களை அறுத்துச் சோதித்த செய்தி 1953-இல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது 22. நோயால் மாண்டவர்கள் அல்லர். போரில் மாண்ட திடகாத்திரமான இளைஞர்கள். அவர்களுள் நூற்றுக்கு 77 பேரின் இருதயத் தமனிகளில் ஏதேனும் ஓர் அளவில் நோயின் அடையாளம் இருந்தது. ஐம்பதில் அடைபடும் குழாயில் படிவு இருபதிலேயே தொடங்கிவிடுகிறது. பத்தாண்டு அபாயம் என்ற கணக்கில் இளைஞர்களுக்கு எப்போதும் சிறிய எண்தான் வரும். அந்தச் சிறிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டா.

மருந்தைப் பற்றியும் கூற வேண்டும். ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாதது இன்று ஏழைக்கும் கிட்டுகிறது. இந்த முன்னேற்றத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் நம் மூலிகை இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஓர் ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதி உலகறியச் செய்தார். அதற்குப் பின் அதனினும் நல்ல மருந்துகள் பல வந்துவிட்டன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை விலையின்றித் தரப்படுகின்றன. 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்கீழ் அவை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கப்பட்டன. இருந்தும் பயன் யாது? 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மிகை அழுத்தம் இருந்தது. அவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுள்ளும் பலர் மருந்தை நடுவில் விட்டுவிடுகின்றனர்.

நானும் விட்டவன்தான். மாத்திரை உண்ணத் தொடங்கிய ஆறாம் மாதம் என் எண் 126-க்கு 82 ஆயிற்று. குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் கழித்து அளந்தபோது 160-ஐத் தாண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்தால் எழுத்து தெரிகிறது. தெரிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தெரியுமா? மருந்தும் அத்தகையதே. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அளப்பதற்கு அரை மணி முன்னிருந்து காப்பியும் புகையும் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர வேண்டும். கை இருதயத்தின் உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். சிறிது இடைவெளி விட்டு இரண்டு முறை அளக்க வேண்டும். ஒரு நாள் மிகுந்து காட்டினால் அஞ்ச வேண்டா. மருத்துவரைக் கண்ட பதற்றத்திலேயே சிலருக்கு ஏறும். வேறு நாள்களிலும் அளந்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் நெஞ்சில் இறுக்கமும், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியும், வியர்வையும், மூச்சுத் திணறலும் கண்டால், வாயுப்பிடிப்பு என்று கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பு நீங்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் தசை மடிந்துகொண்டேயிருக்கிறது.

நிறைவாக, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டனார், பாட்டியார் எந்த வயதில், எதனால் மறைந்தனர் என்று கேட்டு எழுதுங்கள். தந்தையாரும் தாயாரும் கடைசியாக இரத்த அழுத்தம் அளந்தது எப்போது, எண் என்ன என்று எழுதுங்கள். சர்க்கரை பார்த்தார்களா என்று கேளுங்கள். வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்கள், உண்பவர் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். எல்லாருடைய இடுப்பையும் நாடாவால் அளந்து எழுதுங்கள்; உங்களுடையதையும் விட்டுவிட வேண்டா. பதில் தெரியாத இடங்களில் கோடிட்டு வையுங்கள். மறுநாள் மருத்துவரிடம் போக வேண்டியது யாரென்று அந்தக் கோடுகள் சொல்லும்.

என் தந்தையாரைப் பற்றி அத்தகைய தாளை எழுத எனக்குத் தோன்றவில்லை. எழுதும்படி சொல்வாரும் அப்போது இலர். நான் இப்போது அவர் வாழ்ந்த வயதைக் கடந்துவிட்டேன். விடியற்காலையில் டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர்த் தேரடி வரை நடந்து திரும்புகிறேன். வந்ததும் ஐந்து நிமிடம் அமர்ந்து, என் எண்ணை அளந்து, நாள் குறித்து எழுதி வைக்கிறேன். அன்று என் கையைப் பிடித்து அளந்த மாணவி இப்போது ஒரு சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம், “ஐயா, எண் எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்கிறாள். நலமா என்று கேட்பதைவிட அது மேலான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.